ஜூன் கடைசியில் பாஸ் மீன்: பண்ணைக் குளத்தில் கடிக்கிறது, ஸ்கூகொக் ஏரியில் ஏன் கடிப்பதில்லை?

கரைக்காரன் (அஜாக்ஸ்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்ராறியோவின் அஜாக்ஸ் நகரில் வசிக்கிறேன். என்னிடம் படகு இல்லை. கரையிலிருந்தும் பொது இறங்குதுறைகளிலிருந்தும்தான் தூண்டில் போடுகிறேன். பாஸ் மீன் பருவம் திறந்ததும், ஜூன் கடைசியிலும் ஜூலை முதல் வாரங்களிலும், இரண்டு இடங்களுக்கு மாறி மாறிப் போவது என் வழக்கம். ஒன்று, பீற்றர்பரோவுக்குத் தெற்கே நண்பர் ஒருவரின் பண்ணையில் உள்ள குளம். பரப்பு ஒரு ஏக்கருக்குச் சற்று மேல் இருக்கும்; ஒரு பக்கம் மண் அணை, எதிர்ப்பக்கம் சம்பு, நடுவில் இரண்டு ஆள் ஆழம். மற்றது ஸ்கூகொக் ஏரி.

குளத்தில் எதைப் போட்டாலும் பெருவாய் பாஸ் கடிக்கிறது. ரப்பர் புழுவானாலும் சரி, தகடு சுழலும் இரையானாலும் சரி, நீரில் விழுந்த சிறிது நேரத்திலேயே இழுவை தெரிகிறது. அதே தடியையும் அதே இரையையும் எடுத்துக்கொண்டு ஸ்கூகொக்குக்குப் போனால் உள்ளங்கை அளவு சன்ஃபிஷ் மட்டுமே கிடைக்கிறது. இதில் எனக்கு விளங்காத விடயங்கள் சில உண்டு.

முதலாவது, ஏரியின் ஆழமற்ற ஓரத்தில், முழங்காலளவு தெளிந்த நீரில், நல்ல பருமனான பாஸ் ஒன்று அசையாமல் நிற்பதையும் அதைச் சுற்றிக் கரும்புகை போலச் சின்னஞ்சிறு குஞ்சுகள் திரள்வதையும் பலமுறை கண்டிருக்கிறேன். இரையை அருகில் போட்டால் அது பாய்ந்து வந்து மூக்கால் தள்ளுகிறது, அல்லது வாயில் எடுத்து உடனே துப்பிவிடுகிறது. இப்படிப்பட்ட மீனைப் பிடிக்க முயல்வது சரியா? இரண்டாவது, கோடை தொடங்கியதும் பெரிய மீன்கள் ஐந்தாறு மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்று இணையக் காணொளிகளில் சொல்கிறார்கள். கரையில் நிற்கும் எனக்கு அந்த ஆழம் எட்டாது. ஸ்கூகொக்கில் அவ்வளவு ஆழம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நாணல் (லின்ட்சே)

வணக்கம் கரைக்காரன். உங்கள் இரண்டு நீர்நிலைகளிலும் நாள்காட்டி ஒன்றுதான் என்றாலும் மீன்களின் பருவம் ஒன்றல்ல. பெருவாய் பாஸ் தை, மாசி பார்த்து முட்டையிடுவதில்லை. நீரின் வெப்பம் ஏறத்தாழ 16 முதல் 18 பாகை செல்சியசைத் தொடும்போது ஆண் மீன் ஆழமற்ற இடத்தில் வாலால் மண்ணை விசிறிக் கூடு அமைக்கிறது, பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதன்பின் முட்டைகளை விசிறுவதும், பொரித்த குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும் சில வாரங்கள் அவற்றோடு அலைந்து காவல் காப்பதும் முழுக்க ஆணின் வேலை. ஓர் ஏக்கர் குளம் வசந்த வெயிலில் விரைவாகச் சூடேறும். ஆகவே பருவம் திறக்கும் நாளில் உங்கள் நண்பரின் குளத்தில் இந்தச் சடங்குகள் எல்லாம் முடிந்து, மெலிந்துபோன மீன்கள் வெறியோடு உண்ணத் தொடங்கியிருக்கும். ஏரியிலோ காற்றும் குளிர்ந்த இரவுகளும் அந்தக் கணக்கை ஒன்றிரண்டு வாரம் பின்தள்ளிவிடுகின்றன. வசந்தம் தாமதமான ஆண்டுகளில் இன்னும் கூடுதலாக. நீங்கள் கண்ட கரும்புகை அந்த ஆணின் குஞ்சுத் திரள்தான்.

அந்த மீன் இரையை மூக்கால் தள்ளுவது பசியால் அல்ல, விரட்டுவதற்காக. வாயில் எடுத்துத் துப்புவதும் அதற்காகவே: கூட்டுக்குள் வந்த ஒரு பொருளை அப்புறப்படுத்துகிறது. அதனால்தான் அதைப் பிடிப்பது எளிது. அதனால்தான் பிடிக்கக் கூடாது என்பது என் கருத்து. குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் ஒப்பினிக்கன் ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே பல்லாண்டுகளாக நடந்த ஆய்வுகள் காட்டிய செய்தி இது: காவல் காக்கும் ஆணைச் சிறிது நேரம் அகற்றினாலே புளூகில் முதலிய சன்ஃபிஷ்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னத் தொடங்குகின்றன. நெடுநேரம் போராடிக் களைத்துத் திரும்பிய ஆண் சில வேளைகளில் கூட்டையே கைவிட்டுவிடுகிறது. பிடித்து விடுவித்துவிட்டேன் என்று நாம் நிம்மதியாகக் கை கழுவும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் அங்கே பந்தி முடிந்திருக்கும். தென் ஒன்ராறியோவின் பல மீன்பிடி வலயங்களில் பாஸ் பருவம் ஜூன் மூன்றாம் அல்லது நான்காம் சனிக்கிழமை வரை திறக்கப்படாததற்குக் காரணமும் இதுவே. ஆனால் சட்டம் ஒரு நாளைத்தான் குறிக்க முடியும்; மீன் அந்த நாளுக்கு முன்னரே வேலையை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பருவம் திறந்த பின்னும் குஞ்சுத் திரளோடு நிற்கும் மீனைக் கண்டால் நான் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய்விடுவேன்.

அப்படித் தள்ளிப் போகும்போது எந்தப் பக்கம் போவது என்பதில்தான் உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை இருக்கிறது. ஸ்கூகொக்கில் ஐந்தாறு மீற்றர் ஆழத்தைத் தேடாதீர்கள். அது இயற்கையாக இந்த அளவில் இருந்த ஏரி அன்று; 1830களில் லின்ட்சேயில் ஆலைக்காகக் கட்டப்பட்ட அணை நீரைப் பின்தள்ளியதால் சதுப்பும் தாழ்நிலமும் மூழ்கி விரிந்த ஏரி. சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. மிக ஆழமான இடமே ஏழு மீற்றரைச் சற்றுத் தாண்டுகிறது. இங்கே மீன் ஆழத்துக்கு இறங்குவதில்லை, நீர்ச்செடிக்குள் இறங்குகிறது. முட்டையிட்டு முடித்த பெண் மீன்கள் கூட்டிடத்துக்கு அடுத்துள்ள முதல் செடி விளிம்பிலேயே களைப்பாறும். அந்த விளிம்பு கரையிலிருந்து முப்பது, நாற்பது மீற்றர் தொலைவுக்குள்ளேயே இருப்பதுண்டு. மில்ஃபொயில் என்ற நீர்ச்செடியின் கொடிகள் நீர்மட்டத்தைத் தொடும் இடத்துக்கும் வெறுந்தரைக்கும் இடையிலான கோடு, அல்லி இலைத் திட்டின் மூலை, செடிக்கு நடுவே குழி போலத் திறந்திருக்கும் இடம் ஆகியவற்றையே தேடுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, ஐந்து அங்குல ரப்பர் குச்சிப்புழுவை நடுவயிற்றில் முள் குத்தி, ஈயக்குண்டு எதுவும் இல்லாமல், அந்த விளிம்பில் போட்டுத் தானாக விழவிடுவதைவிடச் சிறந்த முறை இந்தப் பருவத்துக்கு இல்லை. இரு முனைகளும் மெல்ல நடுங்கியபடி அது அமிழும். பெரும்பாலான கடிகள் அந்த வீழ்ச்சியின்போதே வரும். இழுவையைக் கையால் உணரக் காத்திருக்காமல் நீர்மேல் கிடக்கும் தங்கூசியை (தூண்டில் நைலோன் நூலை)க் கண்ணால் பாருங்கள். அது பக்கவாட்டில் நகர்ந்தாலோ, அமிழ்வது இடையில் நின்றாலோ மீன் வாயில் எடுத்துவிட்டது என்று பொருள். செடி அடர்த்தியாக இருந்தால் முள்நுனியைப் புழுவின் உடலுக்குள் மறைத்துக் கட்டும் டெக்சாஸ் முறைக்கு மாறுங்கள்.

அதிகாலை (ஸ்காபரோ)

நாணல் அண்ணா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குச்சிப்புழுவுக்கு மேல் முறை இல்லை என்பதை ஏற்க மாட்டேன். ஜூன் கடைசியில் நம் பகுதியில் சூரியன் உதிப்பது காலை ஐந்தரை மணிக்குச் சற்றுப் பின்னர். அதற்கு அரை மணி முன்பே கரையில் நின்று, அல்லித் திட்டின் மேல் உள்ளீடற்ற ரப்பர் தவளையை இழுத்துப் பாருங்கள். இலையிலிருந்து இலைக்கு அது தாவி, இடைவெளியில் ஒரு கணம் நிற்கும்போது கீழிருந்து நீர் வெடிக்கும். அந்தக் காட்சிக்காகவே நான் தூண்டில் பிடிக்கிறேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. படகுக்காரர்கள் இயந்திரத்தின் ஒலியோடு வருமுன், கரை ஓரத்து ஆழமற்ற நீரிலேயே பெரிய மீன் இரைதேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. படகில்லாத ஒருவருக்கு இதைவிட வாய்ப்பான நேரம் வேறில்லை.

தவளைக்குப் புதியவர்கள் செய்யும் பிழை, நீர் வெடித்ததும் தடியைச் சுண்டி இழுப்பது. மீன் தவளையோடு இலையையும் சேர்த்தே விழுங்குகிறது. வாய் மூட அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். தடியைத் தாழ்த்தி, கனம் தெரிந்த பிறகே ஓங்கி இழுக்க வேண்டும். சாதாரணத் தங்கூசி இதற்கு உதவாது. 50 இறாத்தல் வலுவுள்ள பின்னல் நூலும் விறைப்பான தடியும் இல்லையென்றால், மீன் செடிக்குள் தலையைப் புதைத்துக்கொண்ட பின் நீங்கள் இழுப்பது மீனை அல்ல, ஒரு கூடை பாசியை. அல்லி இல்லாத திறந்த ஓரமாக இருந்தால் பொப்பர் எனப்படும் வாய் குழிந்த மிதவை இரை போதும். இரண்டு சுண்டு, நீண்ட நிறுத்தம், மீண்டும் இரண்டு சுண்டு. வளையங்கள் அடங்கும் வரை பொறுக்காதவர்களுக்கு அது சன்ஃபிஷைத்தான் தரும்.

இன்னொன்று: நீங்கள் எரிச்சலோடு குறிப்பிடும் சன்ஃபிஷ்தான் உங்கள் வழிகாட்டி. பாஸ் முட்டையிட்டு முடிந்ததும் புளூகில் தொடங்குகிறது. ஆழமற்ற மணலில் வட்டத் தட்டுகளை அடுக்கியது போல அதன் கூடுகள் கூட்டமாக இருக்கும். நீரின் கூசொளியை மறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிந்தால் கரையிலிருந்தே தெரியும். காவல் முடிந்த பெரிய பாஸ்கள் அந்தத் தட்டுக் கூட்டத்தின் ஆழமான பக்கத்தில், அருகிலுள்ள செடியின் நிழலில் காத்திருக்கும். தட்டுகளின் மேல் போடாதீர்கள். அவற்றுக்கு வெளியே, ஆழம் கூடும் பக்கத்தில் போடுங்கள்.

கம்மாய்க்கரை (டாலஸ், டெக்சாஸ்)

தெற்கிலிருந்து ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். கரைக்காரன் பார்த்த காணொளிகள் எங்கே எடுக்கப்பட்டவை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இங்கே டெக்சாஸில் பாஸ் மீன்கள் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் முட்டையிட்டு முடித்துவிடுகின்றன. அலபாமாவின் கன்டர்ஸ்வில், கென்டக்கி ஏரி போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் ஜூன் மாதம் என்பது மீன்கள் பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்புகளில் கூட்டம் கூட்டமாக நிற்கும் காலம். ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் தேடுங்கள் என்று அங்குள்ளவர் சொல்வது அவருடைய ஏரிக்கு முற்றிலும் சரி. அதே ஜூனில் ஒன்டாரியோ மீன் இன்னும் குஞ்சு மேய்த்துக்கொண்டிருக்கிறது. எனவே மாதத்தின் பெயரை மறந்துவிட்டு, ஒரு வெப்பமானியை நூலில் கட்டி நீரில் இறக்கிப் பார்ப்பதே நம்பத்தகுந்த வழி. நீர் 20 பாகையைத் தாண்டிச் சில வாரங்கள் ஆகியிருந்தால், கோடை மீன்பிடி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

அதிகாலை சொன்ன புளூகில் தொடர்பை வலுப்படுத்த ஒரு செய்தி. பெருவாய் பாஸின் உலகச் சாதனை 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்ட் 4 அவுன்ஸ் மீன். 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் எடை. பழைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது 2 அவுன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி என்பதால், இரண்டும் சமநிலை என்றே பதிவாகியிருக்கின்றன. குரிட்டா பயன்படுத்திய இரை உயிருள்ள ஒரு புளூகில். நீங்கள் அதைப் பின்பற்றிவிடாதீர்கள். உங்கள் மாகாணத்தில் சன்ஃபிஷை உயிரிரையாகப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று அறிகிறேன். அதன் உருவில் செய்த செயற்கை இரை போதும்.

காவல் மீனைப் பற்றி நாணல் எழுதியதைப் படித்தபோது எங்கள் மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் நினைவுக்கு வந்தன. விராலும் இப்படித்தான், செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கும் இடத்துக்கு அடியிலேயே தாயும் தந்தையும் நிற்கும். அந்தக் குமிழியைக் குறிவைத்துத் தவளையைப் போடுவதைத் திறமையாகப் பேசுபவர்கள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் சிலர் அதைக் கண்டித்ததும் உண்டு.

கடைசியாக, கரைக்காரனிடம் ஒரு கேள்வி. உங்கள் குளத்தில் கிடைக்கும் மீன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவா? தலை பெரிதாகவும் உடல் ஒல்லியாகவும் தெரிகிறதா?

கரைக்காரன்

மூவருக்கும் நன்றி. கம்மாய்க்கரை அவர்கள் நேரில் பார்த்தது போலக் கேட்கிறார். ஆம், பெரும்பாலானவை 25 முதல் 30 சென்ரிமீற்றருக்குள்தான். தலைக்கு ஏற்ற உடல் இல்லை. சன்ஃபிஷ் மிகக் குறைவாகவும், இருப்பவை ஓரளவு பெரிதாகவும் இருக்கின்றன. இது குளத்தில் ஏதேனும் குறை என்பதைக் காட்டுகிறதா? மேலும், பிடித்த மீனைச் சமைக்கலாமா என்பதையும் யாரேனும் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மா, “இவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு வருகிறாயே” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

கம்மாய்க்கரை (டாலஸ், டெக்சாஸ்)

அப்படியானால் குளத்து மீன்கள் எதைப் போட்டாலும் கடிப்பதற்கு உங்கள் திறமையோ இரையின் நிறமோ முழுக் காரணம் அல்ல. அவை பட்டினியில் இருக்கின்றன. அலபாமாவில், பின்னாளில் ஆபர்ன் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிய கல்லூரியில், ஹோமர் ஸ்விங்கிள் என்ற அறிஞர் 1930களிலிருந்து பண்ணைக் குளங்களை வெட்டி, பாஸையும் புளூகில்லையும் வெவ்வேறு விகிதங்களில் விட்டு, நீரை வடித்து எண்ணிப் பார்த்து ஆராய்ந்தார். இன்று அமெரிக்கப் பண்ணைக் குளங்கள் நடத்தப்படும் முறைக்கு அந்த ஆய்வே அடித்தளம். புளூகில் இரையாகப் பெருகிக்கொண்டே இருக்க வேண்டும், பாஸ் அதைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மிஞ்சினால் மற்றதன் வளர்ச்சி கெடும். பாஸ் மிகுந்த குளத்தில் சிறு புளூகில் எல்லாம் தின்னப்பட்டுவிடும். தப்பிய சில புளூகில்கள் போட்டியின்றிப் பெரிதாகும். பாஸ்களோ ஒரே அளவில் தேங்கி நிற்கும். நீங்கள் விவரித்தது இந்த நிலையையே.

மருந்து எளிது, மனம்தான் ஒப்பாது: பிடித்த சிறு பாஸ்களைத் திரும்ப விடாமல் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விடுவிப்பதே அறம் என்று பழகியவர்களுக்கு இது கசக்கும். பெரிய ஏரிகளிலும் இதே எண்ணத்தில் அளவு வரம்பு வைப்பதுண்டு. எங்கள் லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளவே கூடாது, அதற்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாகாண விதிக்கு உட்பட்டு, குளத்துச் சொந்தக்காரரோடு பேசிச் செய்யுங்கள்.

நாணல் (லின்ட்சே)

கம்மாய்க்கரையின் கணிப்பு பொருத்தமாகத் தெரிகிறது. விதி பற்றிச் சொல்வதானால், தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான வலயங்களில் பெருவாய், சிறுவாய் பாஸ் இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளக்கூடியது முழு உரிமம் உள்ளவருக்கு 6, குறைந்த எண்ணிக்கைக்கான பாதுகாப்பு உரிமம் உள்ளவருக்கு 2. பருவம் மூடியிருக்கும் காலத்தில், தனி விலக்குத் தரப்பட்ட இடங்களைத் தவிர, பிடித்து விட்டுவிடுகிறேன் என்ற எண்ணத்தோடுகூடப் பாஸைக் குறிவைக்கக் கூடாது. உங்கள் வலயத்தின் அட்டவணையை மாகாண அரசின் தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கூகொக்கில் வால்-ஐ (walleye) என்ற மீன் தூண்டிலில் சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும். அங்கே அதன் எண்ணிக்கை சரிந்ததால் 2016இல் அதைப் பிடிப்பது மூடப்பட்டது.

அதிகாலைக்கு ஒரு மாற்றுக் கருத்து. விடியற்காலை ஏரிக்குப் பொருந்தும்; பாசி அடர்ந்த சிறு குளத்துக்கு எப்போதும் பொருந்தாது. நீர்ச்செடிகள் பகலில் ஒட்சிசனை வெளிவிட்டாலும் இரவு முழுவதும் மீன்களைப் போலவே அதை உட்கொள்கின்றன. வெப்பமான, காற்றில்லாத இரவுக்குப் பிறகு, விடியும் நேரத்தில்தான் குளத்து நீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். அப்போது மீன்கள் சோர்ந்து நிற்கும். அத்தகைய குளத்தில் மாலை ஏழு மணி முதல் இருட்டும் வரை போடுவதையே நான் விரும்புவேன். ஜூலை நடுப்பகுதிக்கு மேல் இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு ஆள் ஆழமுள்ள குளம் மேலே சூடான அடுக்காகவும் கீழே குளிர்ந்த அடுக்காகவும் பிரிந்துவிடும். அந்த அடிநீரில் மீன் வாழப் போதிய ஒட்சிசன் இருப்பதில்லை. குளத்தின் நடுவில் ஈயக்குண்டு கட்டி அடியில் போட்டுவைப்பது வீண்வேலை. அணைக்கரையின் மேல் நின்று நடுவை நோக்கி வீசுவதற்குப் பதிலாக, கரைக்கு இணையாக, இரண்டு மீற்றர் தள்ளி வீசி இழுங்கள். ஒரே வீச்சில் கரை முழுவதையும் தடவிவிடலாம். மழை பெய்து நீர் வழிந்து வரும் மூலை இருந்தால் அங்கே முதலில் போடுங்கள்.

அதிகாலை (ஸ்காபரோ)

குளத்து விடியலைப் பற்றி அண்ணா சொன்னதை மறுப்பதற்கில்லை. என் அனுபவமெல்லாம் ஏரிகளில்தான். ஆனால் மேகம் மூடிய, சற்றே காற்றடிக்கும் நாளாக இருந்தால் ஏரியில் நண்பகலிலும் மேல்நீர் இரை எடுபடும் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். குளிர்காற்று வந்து, அடுத்த நாள் வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தால் தவளையை வீட்டில் வைத்துவிட்டு, நாணல் சொன்ன குச்சிப்புழுவையே செடியின் நடுவில் உள்ள குழிகளில், சலிப்பு வரும் அளவுக்கு மெதுவாக இறக்க வேண்டும்.

சமையலைப் பற்றி: பாஸின் சதை வெண்மையாகவும் இறுக்கமாகவும் இருக்கும், குழம்பில் கரையாது. பாசி மிகுந்த நீரில் வளர்ந்ததில் மண்வாடை அடிக்கும். தோலையும் அதன் அடியிலுள்ள கருஞ்சதையையும் நீக்கி, மஞ்சளும் எலுமிச்சையும் பிரட்டி ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் பெரிய மீனைச் சமைக்காதீர்கள். பாஸ் மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் வயது ஏற ஏற அதன் உடலில் பாதரசம் சேர்கிறது. எந்த ஏரியில், எந்த மீனை, எந்த நீளம் வரை, மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்பதை மாகாண அரசு இணையத்தில் வழிகாட்டியாக வெளியிடுகிறது. கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வரம்பு தரப்பட்டிருக்கிறது. சுவைக்கும் 30 சென்ரிமீற்றர் மீனே மேல். உங்கள் குளத்தில் குறைக்க வேண்டியதும் அந்த அளவுதான் என்பதால் அம்மாவின் குறையைத் தீர்க்க ஏரி வரை போகவேண்டியதில்லை.

நாணல் (லின்ட்சே)

விடுவிக்கும் மீனைப் பற்றி ஒன்று விடுபட்டுவிட்டது. சிறு பாஸைக் கீழ்த்தாடையில் பிடித்து நேராகத் தொங்கவிடலாம். ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்டதைத் தாடையில் மட்டும் பிடித்துக் கிடையாகச் சாய்த்தால் தாடை மூட்டு சேதமடையும், மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். நனைந்த கையால் மட்டுமே தொட வேண்டும். இறங்குதுறைப் பலகையின் சூட்டில் மீனைக் கிடத்தினால் அதன் மேலுள்ள வழுவழுப்பான படலம் உரிந்துவிடும். நடுவயிற்றில் குத்திய புழுவை மீன் சில வேளைகளில் தொண்டை வரை விழுங்கிவிடும். தங்கூசி நகர்ந்ததும் தாமதிக்காமல் இழுத்தால் அது பெரும்பாலும் நேராது. நேர்ந்துவிட்டால், முள்ளைச் செவுள் பக்கமாகத் திருப்பி எடுக்க முயலுங்கள். உயரமான துறையிலிருந்து பிடிப்பவரானால் நீண்ட கைப்பிடியுள்ள ரப்பர் வலை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தங்கூசியைப் பிடித்து மேலே தூக்கும்போதுதான் நல்ல மீன்கள் பெரும்பாலும் தவறுகின்றன.